பெயர் எழுதாத மூன்று மீஸான் கற்கள்

(சங்கத்தின் பொன்விழாக் குடும்ப நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



மேடையேறிப் பேசிப் பழக்கமில்லாத குடும்பம் எங்களுடையது. மிளகாய், மல்லி, மஞ்சள் விற்பவர்கள். மூட்டையில் கைவிட்டு மல்லி பழசா புதுசா என்று சொல்லத் தெரியும், சொற்பொழிவு தெரியாது. ஆனாலும் விழாக்குழுப் பெரியவர்கள், "நீங்கள் உங்கள் முன்னோரின் கபுரைத் தேடிப் போன கதையைப் பிள்ளைகள் முன் சொல்ல வேண்டும்" என்று கேட்டுக்கொண்டார்கள். மறுக்க முடியவில்லை. கதையின் முடிவில் சங்கத்திடம் கேட்க வேண்டிய ஒரு கோரிக்கையும் எங்களிடம் இருக்கிறது. ஆகவே வந்துவிட்டோம்.

எங்கள் நன்னாவை உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். ஈப்போவில் கடை வைத்திருந்தவர். 2009இல் வஃபாத்தானார். இன்று நாங்கள் தேடியதாகச் சொல்வது அவருடைய அத்தாவின் கபுரை. வீட்டில் அவரைப் பெரிய நன்னா என்போம். அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இளையான்குடிப் பக்கம் எங்கள் ஊர். அங்கிருந்து நாகப்பட்டினம் போய், ரஜூலா கப்பலில் பினாங்கு வந்து இறங்கியவர். சுங்கை சிப்புட்டில் தங்கி, சைக்கிளின் பின்னால் துணி மூட்டை கட்டிக்கொண்டு, பிளஸ் ஆற்றுப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் மலாய்க்காரர் கம்பங்களுக்கும் போய்க் கடனுக்குத் துணி விற்றார். தோட்டத்தில் சம்பளம் போடும் நாளில் வசூல். கைலி, வேட்டி, சேலை, குழந்தைகளுக்குச் சீட்டித் துணி. அதுதான் அவர் வியாபாரம்.

அவர் கடைசியாக ஊருக்கு வந்து திரும்பியபோது நன்னாவுக்கு ஐந்து வயது. அத்தாவின் முகம் நினைவில்லை என்றும், மூட்டையைப் பிரித்தபோது வந்த புதுத்துணி வாசனைதான் நினைவில் இருக்கிறது என்றும் நன்னா சொல்வார்.

1941 டிசம்பரில் ஜப்பான்காரர்கள் மலாயாவுக்குள் வந்தார்கள். அதோடு இந்தியாவுக்குக் கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை, மணியார்டரும் இல்லை. மூன்றரை ஆண்டுகள் ஊரில் இருந்த பெரிய நன்னிக்குத் தன் கணவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. சண்டை முடிந்து, கப்பல் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு, 1946இல் ஊர்க்காரர் ஒருவர் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. பெரிய நன்னா 1944இல் காய்ச்சலில் மவுத்தாகிவிட்டார் என்று அதில் இருந்தது. மலேரியாக் காய்ச்சல். ஜப்பான் காலத்தில் கொயினா மாத்திரை கிடைப்பது அரிதாக இருந்ததை இங்கே இருக்கும் பெரியவர்கள் தங்கள் வீட்டில் கேட்டிருப்பீர்கள்.

பெரிய நன்னி ஊர் ஹஜ்ரத்திடம் ஆள் அனுப்பி, இத்தா எப்போது இருக்க வேண்டும் என்று கேட்டார். இத்தா கணவர் இறந்த நாளிலிருந்து கணக்கு; நான்கு மாதம் பத்து நாள் எப்போதோ கழிந்துவிட்டது; இனி இருக்க வேண்டியதில்லை என்று ஹஜ்ரத் பதில் சொன்னார். மார்க்கச் சட்டப்படி அது சரியான பதில். ஆனால் பெரிய நன்னி சாகும்வரை ஒரே ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தாராம்: "அவருக்காக இத்தா இருக்கக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை."

1951இல் நன்னா கப்பலேறியபோது அவருடைய அம்மா இரண்டு காரியம் சொல்லி அனுப்பினார். ஒன்று, அத்தாவின் கபுருக்குப் போய் ஸலாம் சொல். இரண்டு, அத்தாவுக்கு யாராவது பாக்கி தர வேண்டியிருந்தால் கேட்காதே. அத்தா யாருக்காவது தர வேண்டியிருந்தால் கொடுத்துவிடு. கடன் இருக்கும்போது ஒருவர் மவுத்தானால் அந்தக் கடன் அவரைப் பிடித்துவைக்கும் என்பது நமக்கெல்லாம் தெரிந்த மார்க்க விஷயம். பெரிய நன்னிக்கு அந்தப் பயம் இருந்தது.

நன்னா வந்த நேரம் அவசரகாலம். 1948இல் அந்தச் சட்டம் வரக் காரணமான கொலைகள் நடந்ததே சுங்கை சிப்புட்டில்தான். உள்ளே போகும் சாலையில் சோதனை, ஊரடங்கு. புதிதாக வந்த பதினெட்டு வயதுப் பையன் ஒற்றையாகப் போகக்கூடிய இடமா அது? ஒருமுறை பாதிவழி போய்த் திரும்பிவிட்டார். பிறகு கடை, கல்யாணம், பிள்ளைகள். எழுபதுகளில் மறுபடி போனபோது தோட்டமே மாறியிருந்தது. பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டிருந்தார்கள். லயங்கள் இல்லை. கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. அதற்குப் பிறகு நன்னா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பெருநாள் காலையில் எல்லாரும் தங்கள் பெற்றோரின் கபுருக்குப் போகும்போது அவர் மட்டும் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்து யாசீன் ஓதுவார். சின்ன வயதில் அது எங்களுக்குப் புரியவில்லை.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததல்லவா? கடை அடைப்பு. வீட்டில் சும்மா இருந்தபோது நன்னாவின் டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தோம். உள்ளே அவர் ஓதிய குர்ஆன். அதற்குள் நான்காக மடித்த ஒரு தாள். அரபு எழுத்து. ஏதோ துஆ என்று நினைத்துப் பழையபடி வைத்துவிட்டோம். ஊரடங்கு தளர்ந்த பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, இதோ முன்வரிசையில் இருக்கும் நம் ஹஜ்ரத்திடம் கொண்டுபோய்க் காட்டினோம். ஹஜ்ரத் கண்ணாடியைப் போட்டு இரண்டு வரி படித்தார்கள். பிறகு சத்தமாக வாசித்தார்கள். வந்தது அரபு அல்ல, தமிழ்! அரபுத்தமிழில் எழுதிய கடிதம். அந்தக் காலத்தில் நம் வீட்டுப் பெண்கள் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. குர்ஆன் ஓதியதால் அரபுத்தமிழ் வாசிக்கத் தெரியும். பெரிய நன்னி தானே படிக்கட்டும் என்று அந்த ஊர்க்காரர் அப்படி எழுதியிருந்தார். 1946இல் வந்த அதே கடிதம். எழுபத்து நான்கு ஆண்டுகள் எங்கள் வீட்டுக் குர்ஆனுக்குள்ளேயே இருந்திருக்கிறது. படிக்கத் தெரிந்த தலைமுறை போய்விட்டது, அவ்வளவுதான்.

கடிதத்தில் மூன்று அடையாளங்கள் இருந்தன. ஏழாங்கட்டை. சுராவுக்குப் பின்னால் இருக்கும் மையவாடி. பெரிய டுரியான் மரத்துக்குப் பக்கத்தில், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஆற்றுக்கல் வைத்த கபுர்.

கட்டை என்றால் மைல்கல் என்று பெரியவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். இப்போது சாலையில் எல்லாம் கிலோமீட்டர். ஏழு மைல் என்றால் சுமார் 11 கிலோமீட்டர். 2022இல் காரை எடுத்துக்கொண்டு போய், டவுனின் எல்லையிலிருந்து மீட்டர் பார்த்து 11 கிலோமீட்டரில் நிறுத்தினோம். இரண்டு பக்கமும் செம்பனை. ஒரு சுராவும் இல்லை. இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு சீனப் பெரியவரின் மளிகைக்கடையில் தண்ணீர் வாங்கினோம். ஏழாங்கட்டை எங்கே என்று கேட்டதும் அவர் சிரித்தார். அந்தக் காலத்தில் கட்டையை எண்ணுவது டவுனுக்கு நடுவிலிருந்து. இப்போது டவுன் வளர்ந்து எல்லை வெளியே வந்துவிட்டது. நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள் என்றார். கல்லைப் பிடுங்கிப் பல வருடம் ஆனாலும் அந்தப் பக்கத்து மலாய்க்காரர்கள் அந்த இடத்தை இன்னும் 'பத்து தூஜோ' என்றே சொல்கிறார்கள் என்றும் சொன்னார்.

சுராவ் கிடைத்தது. பழைய பலகைச் சுராவ் இடித்துக் கல்கட்டடம் ஆகியிருந்தது. பின்னால் மையவாடி. முன்பகுதி சுத்தமாக இருந்தது. இப்போதும் அடக்கம் செய்கிறார்கள். பழைய பகுதி ஆற்றுப்பக்கமாகச் சரிவில் இறங்குகிறது. அங்கே இடுப்பளவு லாலாங் புல், கொடி, முள். நடுவில் இரண்டு கம்போஜா மரங்கள் மட்டும் வெள்ளைப் பூவோடு நின்றன. எங்கே கபுர், எங்கே வெறும் தரை என்று தெரியவில்லை. கபுரின் மேல் கால் வைக்கக்கூடாது என்பதால் ஓரத்தில் நின்றே எல்லாருக்கும் சேர்த்து ஸலாம் சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

இமாமிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் நல்ல மனிதர். கம்பத் தலைவரிடமும் அனுமதி வாங்கிக் கொடுத்தார். அதோடு, ஜப்பான் காலத்தை நேரில் பார்த்த ஒருவர் இன்னும் இருக்கிறார் என்று ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். அந்தத் தோக்குக்கு அப்போது வயது 88. காது கொஞ்சம் மந்தம், நினைவு தெளிவு. எங்கள் அத்தாதான் மலாய் மொழியில் பேசினார். சைக்கிளில் துணி விற்ற ஒரு தமிழ் முஸ்லிம், 1944இல் இங்கே அடக்கமானவர் என்று சொன்னதும், தோக் உடனே, "மாமாக் காயின்" என்றார். துணிக்கார மாமா.

ஒன்பது வயதில் பார்த்ததை அவர் சொன்னார். காய்ச்சலோடு வந்த துணிக்காரர் சுராவிலேயே படுத்துவிட்டார். கம்பத்துக்காரர்கள் மரவள்ளிக்கிழங்குக் கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஐந்தோ ஆறோ நாளில் மவுத்து. அப்போது துணிக்குக் கடும் பஞ்சம். அவருடைய மூட்டையின் அடியில் இருந்த வெள்ளைத் துணியை எடுத்தே கபனிட்டார்கள். தோக்கின் தகப்பனார் குழி வெட்டியவர்களில் ஒருவர். உறவென்று ஒருவரும் இல்லாத ஒரு மனிதரைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுகை நடத்தி, முறையாக அடக்கினார்கள். கூலி வாங்கவில்லை. அன்றைக்கு ஊரில் பெரிய நன்னிக்கு ஒன்றும் தெரியாது. இங்கே அவருக்குச் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் இந்த மக்கள் செய்துவிட்டார்கள்.

அத்தா அப்போதுதான் அந்த இரண்டாவது காரியத்தைக் கேட்டார். அவர் இந்தக் கம்பத்தில் யாருக்காவது கடன் வைத்திருந்தாரா? இருந்தால் நாங்கள் கொடுக்க வேண்டும் என்று.

தோக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "கடன் அவருக்கு இல்லை, எங்களுக்குத்தான்" என்றார். அவருடைய தகப்பனார் துணிக்காரரிடம் ஒரு கைலி கடனுக்கு வாங்கியிருந்தாராம். கொடுப்பதற்குள் துணிக்காரர் மவுத்தாகிவிட்டார். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், தகப்பனார் கடைசிவரை அதைச் சொல்லிச் சொல்லி வருந்தினாராம். "நீங்கள் அவருடைய வாரிசு. ஹலால் ஆக்குங்கள்" என்று அந்த 88 வயது மனிதர் எங்கள் அத்தாவிடம் கேட்டார்.

மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. அவர்களும் ஹலால் என்றுதான் சொல்கிறார்கள், நாமும் ஹலால் என்றுதான் சொல்கிறோம். அத்தாவால் பேச முடியவில்லை. தலையை மட்டும் அசைத்தார். அது போதாது, வாயால் சொல்ல வேண்டும் என்று தோக் காத்திருந்தார். "ஹலால், ஹலால்" என்று அத்தா இரண்டு தடவை சொன்னார். யாரும் பாக்கி தர வேண்டியிருந்தால் கேட்காதே என்று 1951இலேயே பெரிய நன்னி சொல்லி அனுப்பிய பதில்தான் அது. வந்து சேர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

அடுத்த மாதம் அத்தாவோடு, அண்ணன் தம்பிகள், மச்சான்கள், பிள்ளைகள் என்று பதினான்கு பேர் போனோம். கம்பத்துக்காரர்களும் சேர்ந்து கோத்தோங் ரோயோங் ஆகிவிட்டது. புல்வெட்டும் மெஷினைப் பழைய பகுதிக்குள் விடவில்லை. புல்லுக்குள் இருக்கும் கல் உடைந்துவிடும். பாராங் கத்தியும் அரிவாளும்தான். அட்டைகள் எங்கள் கால்களில் நல்ல வியாபாரம் செய்தன.

அண்ணன் தம்பி இருவரும் ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் கட்டுமானத் துறை டிப்ளோமா படித்தோம். நில அளவையும் கற்றுக்கொடுத்தார்கள். மசாலா வியாபாரத்தில் அதற்கு ஒரு நாளும் வேலை வந்ததில்லை. அன்று வந்தது. முளை அடித்து, கயிறு கட்டி, மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் கட்டமாக அந்தச் சரிவைப் பிரித்தோம். ஒரு கட்டத்தை ஓரத்திலிருந்து சுத்தம் செய்து, கற்களைக் குறித்த பிறகே அடுத்ததற்குள் கால் வைப்பது என்று ஒழுங்கு.

புல்லுக்குள் கிடக்கும் கல் மீஸான் கல்லா, சும்மா கிடக்கும் கல்லா என்று எப்படித் தெரியும்? ஜனாஸாவைக் கிப்லாவை நோக்கி வலப்பக்கமாகச் சாய்த்து வைக்கிறோம். இந்த நாட்டில் கிப்லா மேற்கிலிருந்து சுமார் 22 பாகை வடக்கே சாய்ந்தது. அப்படியானால் தலைமாடு வடபுறம், கால்மாடு தென்புறம். திசைகாட்டியை வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய அந்தக் கோட்டில் ஓர் ஆள் நீளத்துக்கு இரண்டு கற்கள் நின்றால் அது கபுர். மலாய் வழக்கத்தில் ஆணுக்கு உருண்டைக் கல், பெண்ணுக்குத் தட்டைக் கல் என்று இமாம் சொல்லிக்கொடுத்தார். செதுக்கிய கல் வாங்க முடியாத நாளில் ஆற்றிலிருந்து அதே வடிவத்தில் கல் பொறுக்கி வந்து வைப்பார்களாம்.

இரண்டு நாளில் 61 கபுர்களைக் குறித்தோம். 38இல் ஜாவி எழுத்தில் பெயர் இருந்தது. மற்றவை வெறும் கல். டுரியான் மரம் இல்லை. ஆனால் உளுத்துப்போன அடிக்கட்டை ஒன்று மண்ணுக்குள் இருந்தது. தோக்கை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தோம். "இந்த மரம்தான், இந்தப் பக்கம்தான்" என்று கையைக் காட்டினார். அந்தப் பக்கத்தில் உருண்டை ஆற்றுக்கல் வைத்த கபுர்கள் மூன்று. அடுத்தடுத்து. மூன்றிலும் எழுத்து இல்லை. எது என்று கேட்டோம். தோக் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு மனமில்லை. "இந்த மூன்றில் ஒன்று" என்றார்.

எங்களில் சின்னவர்களுக்கு ஏமாற்றம். பளிங்குக் கல்லுக்கு ஈப்போவில் விலைகூட விசாரித்து வைத்திருந்தோம். நடுவில் இருப்பதுதான் மரத்துக்குக் கிட்ட இருக்கிறது, அதற்கே வைத்துவிடலாம் என்று ஒரு மச்சான் சொன்னார். அத்தா ஒத்துக்கொள்ளவில்லை. "மற்ற இரண்டு பேரும் யாருக்கோ அத்தா. நாம் தப்பான கபுரில் பெயரை வைத்தால், அவருடைய பிள்ளைகள் தேடி வரும்போது என்ன செய்வார்கள்?" என்று கேட்டார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

சாய்ந்திருந்த கற்களை மட்டும் இமாமின் அனுமதியோடு நிமிர்த்தி வைத்தோம். மூன்று கபுருக்கும் ஸலாம் சொன்னோம். மூவருக்கும் யாசீன் ஓதினோம். சுராவ் செயலாளரிடம் அடக்கப் பதிவு நோட்டு ஒன்று இருக்கிறது. அதில் பெரிய நன்னாவின் பெயர், தகப்பனார் பெயர், ஊர், 1944 என்று எழுதி, இடம் என்ற கட்டத்தில் "பழைய டுரியான் மரத்தடி மூன்றில் ஒன்று" என்று அவரே எழுதிக்கொண்டார். எங்களுக்கு அது பளிங்குக் கல்லைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அன்று சாயங்காலம் ஈப்போ வந்ததும் நேரே நன்னாவின் கபுருக்குப் போய் விஷயத்தைச் சொல்வதுபோல் நின்றுவிட்டு வந்தோம்.

கபுரைத் தேட வேண்டுமா, துஆ எங்கிருந்து கேட்டாலும் போய்ச் சேருமே என்று ஒரு பெரியவர் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி. துஆ போய்ச் சேரும், அதில் சந்தேகமில்லை. கபுரைப் பெரிதாகக் கட்டவோ விழா எடுக்கவோ நாங்கள் போகவில்லை. ஆனால் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தம் தோழர் உஸ்மான் பின் மழ்ஊன் அவர்களை அடக்கியபோது, அடையாளத்துக்காகத் தலைமாட்டில் தம் கையாலேயே ஒரு கல் வைத்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. ஓர் அடையாளம், அவ்வளவுதான். அது இருந்திருந்தால் நன்னா பெருநாள் காலைகளில் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருக்க மாட்டார்.

இனி எங்கள் கோரிக்கை. நம் சங்கத்துக்கு வயது 50. இந்த ஐம்பது ஆண்டுகளில் எத்தனையோ ஜனாஸாக்களுக்குச் சங்கம் தோள் கொடுத்திருக்கிறது. சங்கத்தின் பழைய நோட்டுகளைப் பார்க்க அனுமதி கேட்டுப் பார்த்தோம். உதவித்தொகை எவ்வளவு, ரசீது எண் என்ன, யார் கையெழுத்து, எல்லாம் சுத்தமாக இருக்கிறது. எங்கே அடக்கம் என்பது மட்டும் பல இடங்களில் இல்லை. அன்று எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் எழுதவில்லை. பெரிய நன்னாவின் கபுரும் 1944இல் அந்தக் கம்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான்.

ஆகவே ஒரு நோட்டுப் போடுவோம். பெயர், தகப்பனார் பெயர், சொந்த ஊர். இறந்த நாள், ஹிஜ்ரி தேதியோடு. எந்த மையவாடி, எந்த வரிசை, எத்தனையாவது. விவரம் சொன்னவர் யார். இவ்வளவு போதும். கைப்பேசி இடம் காட்டுமே என்று தம்பிகள் சொல்வார்கள். அது நாலைந்து மீட்டர் முன்பின் காட்டும். அந்த அளவுக்குள் மூன்று கபுர் அடங்கிவிடும்; எங்களுக்குத் தெரியும்! வரிசையையும் எண்ணையும் கையால் எழுதுங்கள். நம்மில் பலருக்குச் சிங்கப்பூரில் உறவு இருக்கிறது. அங்கே 1998 முதல் ஒரு கபுருக்கு 15 ஆண்டுகள்தான். பிறகு எடுத்து வேறிடத்தில் அடக்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு எழுத்துதான் மீஸான் கல். அவர்களுடைய விவரத்தையும் கேட்டு வாங்கிச் சேர்ப்போம்.

முதல் நோட்டை எங்கள் கடைச் செலவில் வாங்கித் தருகிறோம். தமிழில் எழுதுவோம், கூடவே மலாயிலும் எழுதுவோம். அரபுத்தமிழ்க் கடிதத்துக்கு நடந்தது நாளை நம் தமிழுக்கும் நடக்கலாம். விவரம் சேகரிக்க வாரம் ஒரு சனிக்கிழமை நாங்கள் வருகிறோம். எண்பது வயதைத் தாண்டியவர்கள் வீட்டுக்கு முதலில் போவோம். அந்தத் தோக்கும் இந்த ஆண்டு நோன்பு மாதத்துக்கு முன் வஃபாத்தாகிவிட்டார். அவரை அதே மையவாடியின் முன்பகுதியில் அடக்கியிருக்கிறார்கள். நான்காவது வரிசை, வடக்கிலிருந்து இரண்டாவது. எழுதி வைத்திருக்கிறோம்.

நமக்கு முன்னால் போனவர்கள் எங்கே உறங்கினாலும், பெயர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அவர்கள் எல்லாருடைய கபுரையும் அல்லாஹ் விசாலமாக்கி வைப்பானாக. அந்நியரான ஒருவருக்குத் தங்கள் வீட்டு ஆள்போல் எல்லாம் செய்த அந்தக் கம்பத்து மக்களுக்கு நற்கூலி கொடுப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.